வலம் போன சக்கரம்

அறிவிப்புப் பலகையில் எழுதப்போகும் வாசகத்தைக் கோயில் தலைவர் சிவநேசன் தன் கைப்பேசியைப் பார்த்து உரக்கப் படித்தார். காற்றாடி எந்த நாட்டிலிருந்து கப்பலில் வந்தது, தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கும் கோயிலுக்கும் எத்தனை வருஷம் தண்ணீர் இறைத்துக் கொடுத்தது என்பதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. "பராமரிப்பாளரின் கவனக்குறைவால் அதன் சக்கரம் கழன்று விழுந்தது" என்ற வரி வந்ததும் விமலாவின் முகம் சுண்டிப்போனது.

கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்த செயலவையினர் யாரும் நிமிரவில்லை. சாப்பிட வாங்கி வந்த பீகூன் பொட்டலத்தைப் பிரிப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

"அந்த வரி வேணாம் மாமா," என்றாள் விமலா.

"நடந்ததத்தானே எழுதுறோம். பேரு போடல பாரு. சன்னாசி அண்ணன் பேர நான் போடுவேனா?" என்றார் சிவநேசன்.

பேர் போடாமல் விட்டது பெருந்தன்மையாம். காத்தாடித் தோட்டத்தில் பிறந்த எவரிடமும் கேட்டுப் பாருங்கள், அந்தப் பராமரிப்பாளர் யார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். வெள்ளைக்காரன் வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று அந்தத் தோட்டத்துக்கு உண்டு. அது ஆபீசுக்கும் லோரிக்காரனுக்கும் மட்டும்தான் பயன்பட்டது. கோலசிலாங்கூர் கடலோரத்தில், செம்பனை மரங்களுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நின்ற அந்த இரும்புக் கோபுரத்தைப் பார்த்து சனங்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது. சக்கரம் விழுந்து நாற்பது வருஷம் ஆகிறது. லயம் போய்விட்டது. ஆட்கள் ரவாங்குக்கும் புஞ்சாக் ஆலாமுக்கும் புக்கிட் பெருந்துங்குக்கும் பிரிந்து போய்விட்டார்கள். தோட்டத்தில் மிஞ்சியது மாரியம்மன் கோயிலும் மொட்டைக் கோபுரமும் சன்னாசியின் கெட்ட பெயரும்தான். மூன்றாவதைத் திருவிழாவுக்கு வருகிறவர்கள் வருஷா வருஷம் மறக்காமல் புதுப்பித்துக்கொண்டார்கள்.

சன்னாசி விமலாவின் அப்பா. காற்றாடியில் ஏறி எண்ணெய் விடுவதும் பழுது பார்ப்பதும் அவர் வேலை. சக்கரம் விழுந்த பிறகு நிர்வாகம் அவரைப் புல்வெட்டுக்கு அனுப்பியது. குடித்துவிட்டு நட்டை முறுக்காமல் விட்டுவிட்டான் என்று ஊர் சொன்னது. அவர் மறுத்துப் பேசவே இல்லை. பேசாத மனிதனைப் பற்றி ஊர் எதையும் பேசலாம் அல்லவா? பள்ளிக்கூட வேனில் பிள்ளைகள் விமலாவுக்கு இடம் விடும்போதுகூட, "தள்ளி உக்காருங்கடா, தலையில ஏதாச்சும் விழுந்துரப் போவுது" என்று சிரிப்பார்கள். அப்பா இறந்து பல வருஷமாகியும் அவளுக்கு அந்தச் சிரிப்பு காதில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

இப்போது அவள் ரவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவுக்கு மேற்பார்வையாளர். கோபுரத்தைக் கோயிலுக்கே கொடுத்துவிட நிர்வாகம் சம்மதித்ததும், சக்கரத்தைச் சரிசெய்து ஏற்றும் குழுவில் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். சக்கரம் மறுபடி சுற்றினால் சனங்கள் பேசுவதற்கு வேறு விஷயம் கிடைக்கும் என்று நினைத்தாள். பலகையில் பொறித்து வைப்பார்கள் என்று அவள் நினைக்கவில்லை. வாய்ப் பேச்சாவது ஆட்களோடு போய்விடும். பலகை போகாது.

"சக்கரம் இன்னும் ஒர்க்‌ஷாப்லதானே இருக்கு? அதப் பிரிச்சுப் பாத்துட்டு எழுதுங்க. எங்கப்பா மேல தப்புன்னா அப்படியே போட்டுக்குங்க, பேரோட," என்றாள்.

வீராப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, காரில் ஏறி உட்கார்ந்ததும் அவளுக்கே சந்தேகம் வந்தது. நிஜமாகவே அப்பா மேல்தான் தப்பு என்று இருந்துவிட்டால்?

பட்டறை புக்கிட் பெருந்துங் தொழிற்பேட்டையில் இருந்தது. நடத்துகிறவன் திலீப், கலும்பாங் பக்கத்துப் பையன், நாற்பதை நெருங்குகிறான். செம்பனை எண்ணெய் ஆலை இயந்திரங்களைப் பழுது பார்த்துப் பழகியவன். காற்றாடி அவனுக்கும் புதிது. சக்கரம் இத்தனை வருஷம் காயலான் கடைக்குப் போகாமல் இருந்ததே ஆச்சரியம். சாமி காரியத்தில் சம்பந்தப்பட்ட இரும்பை விற்கக்கூடாது என்று கோயில் கொட்டகையில் போட்டு வைத்திருந்தார்கள். சக்கரத்தின் மையத்தில் இருக்கும் நடுக்குடத்தோடு அதைப் பிடித்திருந்த பெரிய நட்டையும் கம்பியில் கோத்துக் கட்டிப் போட்டிருந்தார்கள். சனங்களின் பயபக்தியால் சில நேரம் நல்லதும் நடக்கும்.

அடுத்த சனிக்கிழமை விமலா போனபோது திலீப் சக்கரத்தின் நடுக்குடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். மேலே சிவப்பு, அடியில் மஞ்சள், அதற்கும் அடியில் துருவேறிய வெள்ளி நிறம்.

"அக்கா, இங்க வந்து பாருங்க. இரும்புலயே வார்த்த அம்புக்குறி. இந்தப் பக்கமாத்தான் சுத்தணும்னு அர்த்தம். ஆனா பிளேடுங்க எல்லாம் நேர் எதிரா சாஞ்சிருக்கு."

"கம்பெனியிலயே தப்பா வந்திருக்குமோ?"

"இல்லக்கா. கம்பெனிக்காரன் ரிவிட் அடிச்சிருக்கான். அத வெட்டி எடுத்துட்டு யாரோ எல்லாப் பிளேடையும் திருப்பி வச்சு போல்ட் போட்டிருக்காங்க. நல்ல கை. ஒண்ணுகூடக் கோணல் இல்ல."

யாருடைய கை என்று விமலாவுக்கு அவன் சொல்லும் முன்பே தெரிந்துவிட்டது. ஏன் என்பதும் மெல்ல நினைவுக்கு வந்தது. அவளுக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும்போது கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. அம்மன் சன்னதியிலிருந்து பார்த்தால் நேர் எதிரே காற்றாடி. சாயங்காலப் பூஜை நேரத்தில் அது அப்பிரதட்சணமாக, இடம் போவது யாரோ ஒருவர் கண்ணை உறுத்தியது. உடனே எல்லார் கண்ணையும் உறுத்தியது. அம்மனுக்கு எதிரே ஒரு சக்கரம் இப்படியா சுற்றுவது, அதனால்தான் தோட்டத்தில் பிள்ளைகளுக்கு அம்மை போடுகிறது என்றார்கள். அப்போது தோட்டத்தில் வேலையை மேற்பார்த்தவரும் கோயில் தலைவருமான செல்லன் மண்டோர் சன்னாசியைக் கூப்பிட்டுச் சொல்ல, அவர் தகடுகளைத் திருப்பிப் போட்டார். சக்கரம் வலம் போனது. சிவப்பும் மஞ்சளும் அடித்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டினார்கள். அன்றிலிருந்து அது அம்மனைச் சேர்ந்த பொருள் ஆகிவிட்டது. செருப்புக் காலோடு யாரும் கோபுரத்தின் பக்கத்தில் போகமாட்டார்கள்.

"திருப்பிப் போட்டா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"தண்ணி ஏறும், அதுல ஒண்ணும் இல்ல. ஆனா இந்த நட்டு இருக்கே..." திலீப் நட்டைக் கையில் எடுத்தான். "சைக்கிள்ல இடது பக்க பெடலுக்கு மட்டும் மரை மாத்தி இருக்கும், பாத்திருக்கீங்களா? மிதிக்க மிதிக்க இறுகணும்னுதான் அப்படி. இதுவும் அதே மாதிரிதான். அம்புக்குறிப்படி சுத்துனா தானா இறுகிக்கிட்டே போகும். மாத்திச் சுத்துனா கொஞ்சம் கொஞ்சமா கழலும். ரெண்டு மூணு நாள் கவனிக்காம விட்டாலே போதும், ஆடும்."

"ஆனா திருப்பிப் போட்டு ஒரு வருஷத்துக்கு மேல நல்லாத்தானே சுத்துச்சு?"

"அதான் நானும் யோசிச்சேன். நட்டோட மூலையெல்லாம் பாருங்க, எப்படி மழுங்கிப் போயிருக்குன்னு. யாரோ தினமும் ஏறி ஸ்பேனர் போட்டு முறுக்கியிருக்காங்க."

விமலா நட்டை வாங்கிப் பார்த்தாள். வேலை பார்க்கும் இடத்தில் ஒரு நாளைக்கு நூறு பொருளைக் கையில் எடுத்துக் குறை கண்டுபிடிக்கிறவள், இதைக் கீழே வைக்க மனமில்லாமல் நின்றாள். அப்பா விடியற்காலையில், வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் கூடுவதற்கு முன்பே, இடுப்பில் ஸ்பேனரைச் செருகிக்கொண்டு ஏறுவார். அதைத்தான் ஊர் சம்சு சாராயப் பாட்டிலை மேலே ஒளித்து வைத்திருக்கிறான் என்று கதை கட்டியது. உடனே சிவநேசனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்று கைப்பேசியை எடுத்தாள்.

எடுத்தவள் அழைக்கவில்லை. தினமும் ஏறியவர் சக்கரம் விழுவதற்கு முந்தைய சில நாட்கள் மட்டும் ஏன் ஏறவில்லை?

விடை அவளிடமே இருந்தது. அப்பாயி, அதாவது அப்பாவைப் பெற்றவள், அப்போதுதான் செத்துப்போயிருந்தாள். அப்பா தாடியோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்ததும், எழுந்து ஸ்பேனரை எடுக்கப் போனதும், அடுப்படியிலிருந்து அம்மா சத்தம் போட்டதும் விமலாவுக்குக் கண்முன் வந்தன. "தீட்டோட அங்க ஏறுவீங்களா? மாரியம்மாவச் சுத்துற சக்கரம். காரியம் முடியட்டும்." அப்பா ஸ்பேனரை வைத்துவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தார். கருமாதிக்கு முன்னாலேயே ஒரு விடியற்காலையில் கடல் பக்கமிருந்து சுமத்ராக் காற்று சுழற்றியடித்து, சக்கரம் குழாயடியில் வந்து விழுந்தது. நல்லவேளை, தண்ணீர் பிடிக்க அப்போது யாரும் வந்திருக்கவில்லை.

அப்பாவை ஏறவிடாமல் நிறுத்தியது அம்மா. அந்த வள்ளியம்மா எழுபத்தாறு வயதில் ரவாங் வீட்டில் மகளோடு இருக்கிறாள். சக்கரம் ஏறும் நாளில் பால்குடம் எடுக்கவேண்டும் என்று இப்போதே மஞ்சள் சேலை எடுத்து வைத்திருக்கிறாள். "எம் புருசன் கையால வலம் போன சக்கரம்டி" என்று அந்தக் காலத்தில் லயம் பூராவும் பெருமை அடித்தவள். ஊர் அவரைத் திட்டியபோது அந்தப் பெருமையை உள்ளேயே போட்டுப் பூட்டிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் அப்பாவின் தலையிலிருந்து இறங்கும் பாரம் நேராக அம்மாவின் தலையில்தான் போய் உட்காரும். விமலா கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டாள்.

கடைசியில் பாதியை மட்டும் சொல்வது என்று முடிவு செய்தாள். தகடு திருப்பிப் போட்டது, நட்டு கழன்றது, அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடலாம்.

சக்கரம் ஏற்றும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் முன்னால் நல்ல கூட்டம். கிரேன் லோரி வந்து நின்றுவிட்டது. தகடுகளெல்லாம் அம்புக்குறிப்படி பழைய பக்கத்துக்கே திரும்பிவிட்டன. வள்ளியம்மா பால்குடத்தை இறக்கி வைத்துவிட்டு மண்டபத்து நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். சிவநேசன் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

"இது இடமால்ல சுத்தும்?" என்றார்.

திலீப் நட்டு விஷயத்தை எல்லாருக்கும் விளக்கினான். பிறகு, "இன்னொண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. காத்தாடி காத்து வர்ற பக்கம் முகத்தத் திருப்பிக்கும்ல? சாயங்காலம் கடல்காத்துல இந்தப் பக்கம் பாக்கும். காலையில கரைக்காத்துல அந்தப் பக்கம் திரும்பிரும். அப்ப சன்னதியிலேர்ந்து நமக்கு முதுகுதான் தெரியும். அதனால நீங்க வலமா திருப்பிப் போட்ட காலத்துலயும் காலையில அது இடமாத்தான் சுத்தியிருக்கு," என்றான்.

காலையில் எல்லாரும் வேலைக்காட்டில் இருந்ததால் அதைப் பார்க்க ஆளில்லை. கூட்டத்தில் ஒருவர் சிரிக்க, பின்னாலேயே பலரும் சிரித்துவிட்டார்கள். சிவநேசனும் தாடையைச் சொறிந்துகொண்டு, "அப்ப இனிமே காலப் பூஜைக்கு வலம் வருதுன்னு சொல்லுங்க," என்றார். ஆனால் ஆள் லேசுப்பட்டவர் இல்லை. விமலாவின் பக்கம் திரும்பினார்.

"சரி விமலா. அண்ணன் தினமும் ஏறி முறுக்குனாருன்னு இந்தத் தம்பி சொல்லுது. ஒத்துக்கிறேன். அப்புறம் ஏன் அது விழுந்துச்சு? அந்த நாள்ல ஏன் ஏறல?"

கிரேன்காரன்கூட சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டு எட்டிப் பார்த்தான். விமலா அம்மாவின் பக்கம் திரும்பாமல் இருக்கப் பெரும்பாடு பட்டாள்.

"தெரியல மாமா," என்றாள்.

"தெரியலன்னா, நாளைக்கு நாலு பேரு பழையபடி..."

"ஏன் தெரியாது?" வள்ளியம்மாவின் குரல் நாற்காலியிலிருந்து கணீரென்று வந்தது. "தீட்டு. எங்க மாமியா செத்து காரியம் முடியல. அவரு ஏறத்தான் போனாரு, நான்தான் கூடாதுன்னேன். அம்மாவச் சுத்துற சக்கரத்துல தீட்டுக்காரன் கை வைக்கலாமா? குடிச்சுட்டுக் கெடந்தாருன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே, ஒரு சொட்டு தொடல அந்த மனுசன். முறைப்படி வீட்டுல இருந்தாரு."

சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். புருசனுக்காகச் சாட்சி சொல்ல நாற்பது வருஷம் கழித்தாவது ஒரு சபை கிடைத்த நிம்மதி அவள் முகத்தில் இருந்தது. என்ன சொல்லியிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைக்கவில்லை. மற்ற எல்லாருக்கும் உறைத்துவிட்டது. சிலர் தரையைப் பார்த்தார்கள், சிலர் விமலாவைப் பார்த்தார்கள். விமலா பல்லைக் கடித்துக்கொண்டு சிவநேசனின் வாயையே பார்த்தாள். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிற ஆள் அவர். ஒரு வார்த்தை தவறினால் அம்மா உடைந்துபோவாள்.

சிவநேசன் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு வள்ளியம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"நீங்க சொன்னது சரிதான்க்கா. நீங்க சொல்லலன்னா நாங்க சொல்லியிருப்போம். தீட்டுக்காரன ஏற விட்டிருப்போமா இந்தத் தோட்டத்துல?" என்றார்.

"அதச் சொல்லு தம்பி. அப்ப அவரு மேல தப்பு இல்லதானே?"

"இல்லக்கா. ஒண்ணும் இல்ல."

கைப்பேசியை எடுத்து அந்த வரியை அங்கேயே அழித்தார். அதற்குப் பதிலாக, கோயில் சனங்கள் சக்கரத்தை வலமாகத் திருப்பியதால் நட்டு கழன்று அது விழுந்தது என்று எழுதி விமலாவிடம் காட்டினார். "சனங்கன்னு போட்டிருக்கேன். நாம எல்லாரும்தானே," என்றார். இத்தனை வருஷமாக அவர் மேலும் ஊர் மேலும் வைத்திருந்த கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே விமலாவை விட்டுப் போனது. மீதிப் பாதியை அவள் விடவில்லை. விடவேண்டும் என்று என்ன கட்டாயம்?

பன்னிரண்டு மணிக்குள் சக்கரம் கோபுரத்தில் ஏறிவிட்டது. சாப்பாடு முடிந்து இலை எடுக்கும் நேரத்தில் கடல்காற்று வந்தது. காற்றாடி தயங்கித் தயங்கிக் கோயில் பக்கம் முகத்தைத் திருப்பி, இடம் சுற்ற ஆரம்பித்தது. குழாயில் முதலில் துரு நிறத்திலும் பிறகு தெளிவாகவும் தண்ணீர் வந்தது. சின்னப் பிள்ளைகள் போய் நனைந்துவிட்டு வந்து திட்டு வாங்கினார்கள். இடமோ வலமோ, எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். வள்ளியம்மாவும் கும்பிட்டாள். ஆனால் முன்போல முகம் மலர்ந்திருக்கவில்லை. சக்கரத்தையும் திலீப்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது காரில் வள்ளியம்மா கண்ணாடியில் தலை சாய்த்துக்கொண்டாள். களைப்பு என்று நினைத்து விமலா குளிரைக் குறைத்து வைத்தாள். பத்தாங் பெர்ஜுந்தை பாலம் தாண்டியது. சாலையின் இரண்டு பக்கமும் செம்பனை வந்துகொண்டே இருந்தது.

"விமலா."

"என்னம்மா?"

"அந்தப் புள்ள சொல்லுச்சே, ரெண்டு மூணு நாள் முறுக்காம விட்டாலே கழண்டுருமுன்னு."

விமலா வேகத்தைக் குறைத்தாள்.

"அப்ப அன்னைக்கு நான் அவர ஏற விட்டிருந்தா விழுந்திருக்காது."

இல்லை என்று சொல்ல விமலா வாயைத் திறந்தாள். பொய் வரவில்லை. "விழுந்திருக்காதும்மா," என்றாள்.

வள்ளியம்மா சேலைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அழுகிறாளா என்று விமலா திரும்பிப் பார்த்தாள். அழவில்லை, எதிரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்குத் தெரியுமா, கழண்டுருமுன்னு?"

"தெரிஞ்சுதான் தினமும் ஏறுனாரு."

"தெரிஞ்சுக்கிட்டா என் பேச்சக் கேட்டு வந்து உக்காந்தாரு? அப்புறம் ஊரெல்லாம் காறித் துப்புனப்பகூட, நீதான்டி ஏற விடலன்னு ஒரு வார்த்த என்னக் கேக்கலையே." குரல் உடைந்தது. "மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? திருப்பிப் போட்டது சக்கரத்துக்கு ஆகாது, நான் ஏறலன்னா விழுந்துரும்னு எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல அந்த மனுசன்?"

விமலா வண்டியை ஓரமாக நிறுத்தினாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அது சில்லென்று இருந்தது.

"சொல்லியிருந்தா நீ ஏற விட்டிருப்பியாம்மா?"

பின்னால் வந்த லோரிகள் ஒவ்வொன்றாக அவர்களைத் தாண்டிப் போயின. வள்ளியம்மா உண்மையாகவே யோசித்தாள். முப்பத்தாறு வயதில் அடுப்படியில் நின்றவளாகவே தன்னை வைத்து யோசித்திருப்பாள் போலிருக்கிறது, அத்தனை நேரம் ஆனது.

"விட்டிருக்க மாட்டேன்," என்றாள்.